கருவிழியின் கரையில் ஒரு விதைநெல் சேமிப்பு: கண்ணின் மேற்பரப்பும் குருத்தணுக்களும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடியை நெருங்கி உங்கள் கண்ணையே பாருங்கள். கறுப்பும் வெள்ளையும் சேரும் இடம் கோடு கிழித்தாற்போல் இருக்காது. ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒன்று மற்றொன்றில் கரைவது போன்ற வளையம் தெரியும். கறுப்பு, மாநிறத் தோல் உள்ளவர்களுக்கு அதில் லேசான பழுப்பும் படிந்திருக்கும். கண்ணைப் பற்றிப் பேசும்போது யாரும் கண்டுகொள்ளாத இடம் அது. ஆனால் அந்த வளையம் செத்துவிட்டால், உள்ளே விழித்திரையும் நரம்பும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பார்வை மங்கிவிடும். கீழே உள்ள பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் சுற்றிச் சுற்றி அந்த வளையத்தில்தான் வந்து நிற்கும்.

கருவிழி என்று எதைச் சொல்கிறீர்கள்? கறுப்பாகத் தெரிவதையா?

இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். பேச்சுவழக்கில் கருவிழி என்று நாம் சுட்டுவது உண்மையில் இரண்டு பொருள். கறுப்பாகவோ பழுப்பாகவோ நிறம் தருவது உள்ளே இருக்கும் ஐரிஸ். அதற்கு முன்னால், கைக்கடிகாரத்தின் முகப்புக் கண்ணாடி போல் கவிந்திருக்கும் நிறமற்ற பகுதி கார்னியா. கண்தானத்தில் ‘கருவிழி எடுத்தார்கள்’ என்பது கார்னியாவைத்தான். இந்தப் பக்கத்தில் குழப்பம் வராமல் இருக்க அதைக் கார்னியா என்றே சொல்கிறேன்.

குறுக்களவு ஏறக்குறைய 11.5 மில்லிமீட்டர், நடுவில் கனம் அரை மில்லிமீட்டர் சொச்சம். அந்த அரை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 50 மைக்ரான், மேல்தோல் அடுக்கு. ஐந்திலிருந்து ஏழு வரிசை செல்கள் மட்டுமே. ரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் ஒளி தடையின்றி உள்ளே போகிறது. ஆக்சிஜனில் பெரும்பகுதி காற்றிலிருந்து கண்ணீர் வழியாகக் கரைந்து வருகிறது.

வெள்ளைப் பகுதியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு வேறு. அதில் ரத்தக் குழாய் உண்டு, சளி சுரக்கும் செல்கள் உண்டு. இமையின் உட்புறம் வரை மடிந்து போகும் அதை இங்கே வெண்சவ்வு என்று வைத்துக்கொள்வோம். கார்னியாவும் வெண்சவ்வும் சந்திக்கும் எல்லைதான் நாம் கண்ணாடியில் பார்த்த வளையம். மருத்துவர்கள் லிம்பஸ் என்பார்கள். லத்தீனில் துணியின் கரை, விளிம்பு என்று பொருள். வேட்டிக்குக் கரை என்கிறோமே, அதே சொல்தான் இதற்கும் பொருந்தும்.

கார்னியாவின் மேல்தோல் தேயுமா?

தினமும் தேய்கிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் மேல்வரிசையில் வயதான செல்கள் உதிர்ந்து கண்ணீரோடு போய்விடும். ஏழு முதல் பத்து நாளுக்குள் மேல்தோல் முழுவதும் புதிதாகிவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு முன் நீங்கள் எந்த மேல்தோல் வழியாக உலகைப் பார்த்தீர்களோ அது இப்போது இல்லை.

அப்படியானால் புதிய செல்கள் எங்கிருந்து வருகின்றன?

இதற்குப் பதில் கிடைக்க வெகுகாலம் ஆனது. பக்கத்தில் இருக்கும் வெண்சவ்வு செல்களே கார்னியாவுக்குள் வந்து மெல்ல மெல்லக் கார்னியா செல்லாக மாறிவிடுகின்றன என்றுதான் பலரும் நம்பினார்கள். 1971இல் டவாங்கர், எவன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். நிறமி நிறைந்த கண்களில் கார்னியாவில் புண்பட்டு ஆறும்போது, விளிம்பில் இருந்த பழுப்பு நிறமி கோடு கோடாகப் புண்ணை நோக்கி நகர்ந்து வந்திருந்தது. அந்தக் கோடுகள் செல்கள் நடந்து வந்த தடம். ஆகவே ஊற்று விளிம்பில்தான் இருக்க வேண்டும் என்றார்கள்.

அடுத்த சான்று 1986இல் வந்தது. முதிர்ந்த கார்னியா செல்கள் ஒருவகை கெரட்டின் புரதத்தைத் தயாரிக்கும். கார்னியா முழுக்க, அடிவரிசை உட்பட, அது இருந்தது. விளிம்பின் அடிவரிசையில் மட்டும் இல்லை. அங்கே இருப்பவை இன்னும் முதிராத செல்கள் என்று அதற்கு அர்த்தம்.

1989இல் எலிகளில் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. செல்லின் டி.என்.ஏ.வில் ஓர் அடையாளத்தை ஏற்றிவிட்டுச் சில வாரங்கள் காத்திருந்தார்கள். செல் பிரியப் பிரிய அடையாளம் பாதி பாதியாகக் குறையும். அடிக்கடி பிரியும் செல்லில் சீக்கிரமே அழிந்துவிடும். அபூர்வமாகப் பிரியும் செல்லில்தான் தங்கும். வாரங்கள் கழித்துப் பார்த்தபோது கார்னியாவில் எங்கும் அடையாளம் இல்லை, விளிம்பின் அடிவரிசையைத் தவிர. அவசரமில்லாமல், செலவாகாமல், ஒதுங்கி உட்கார்ந்திருந்த அந்தச் செல்கள்தான் குருத்தணுக்கள். ஸ்டெம் செல் என்பதும் குருத்தணு என்பதும் ஒன்றே.

ஏன் அபூர்வமாகப் பிரிய வேண்டும்? வேலை செய்யாத செல்லால் என்ன பயன்?

விதைநெல்லை யாரும் குத்திச் சாப்பிடுவதில்லை. அதே கணக்குதான். ஒரு செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும்போது பிழை நேரலாம். ஆயுள் முழுக்க நிலைக்க வேண்டிய செல் அந்த ஆபத்தை அதிகம் ஏற்கக் கூடாது. எனவே குருத்தணு எப்போதாவது ஒருமுறை பிரிகிறது. பிறக்கும் இரண்டில் ஒன்று இடத்திலேயே தங்கி விதையாக இருக்கும். மற்றது கார்னியாவை நோக்கிக் கிளம்பும். போகிற வழியில் அது வேகமாகப் பலமுறை பிரிந்து எண்ணிக்கையைப் பெருக்கும். பிறகு அதன் வாரிசுகள் அடிவரிசையிலிருந்து மேல்வரிசைக்கு ஏறி, தட்டையாகி, கடைசியில் இமைப்பில் உதிரும். உழைப்பு முழுவதும் இந்த இடைத்தலைமுறையின் தலையில்.

1983இல் தாஃப்ட், ஃப்ரெண்ட் என்ற இருவர் இதை ஒரு பள்ளிக் கணக்காகவே எழுதிவிட்டார்கள். அடிவரிசையில் பிறப்பது ஒரு வரவு, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வருவது இன்னொரு வரவு. இரண்டும் சேர்ந்தால் மேலே உதிரும் செலவுக்குச் சமம். வரவு குறைந்தால் புண்.

2021இல் எலிகளில் செய்த ஆய்வுகள் இதில் இன்னொரு நுணுக்கத்தைச் சேர்த்தன. விளிம்பிலேயே இரண்டு கூட்டம் இருக்கிறதாம். கார்னியாவை ஒட்டிய உள்வட்டம் அன்றாடச் செலவைக் கவனிக்கிறது. வெளிவட்டம் பெரும்பாலும் உறங்கிக் கிடந்து, காயம் பட்டால் விழித்துக்கொள்கிறது.

குருத்தணுக்கள் ஏன் விளிம்பில் இருக்கின்றன? நடுவில் இருந்தால் கைக்கு எட்டும் தூரம்தானே?

நடுப்பகுதி ஒளி போகும் பாதை. அங்கே ரத்தக் குழாய் வைக்க முடியாது, நிறமி வைக்க முடியாது, மேடுபள்ளம் வைக்க முடியாது. குருத்தணுவுக்கோ இந்த மூன்றும் வேண்டும்.

விளிம்பின் அமைப்பை 1921இல் விவரித்தவர் ஆல்ஃபிரட் வோக்ட். கண் மருத்துவரின் ஸ்லிட் லாம்ப் கருவியில் பெரிதாக்கிப் பார்த்தால், விளிம்பில் வரிசையாகக் குச்சி நட்ட மாதிரி வெளிறிய கோடுகள் தெரியும். வோக்டின் வேலி என்று அதற்குப் பெயர். வேலிக்கால்களுக்கு இடையே உள்ள பள்ளங்களில்தான் குருத்தணுக்கள் பதுங்கியிருக்கின்றன. கீழிருந்து ரத்தக் குழாய்கள் ஊட்டம் தருகின்றன. பக்கத்திலேயே மெலனின் நிறமிச் செல்கள் நின்று புற ஊதாக் கதிருக்குக் குடை பிடிக்கின்றன. அடித்தளம் கார்னியாவின் நடுவைவிட மென்மையானது. இந்த மென்மையே செல்லை முதிரவிடாமல் வைத்திருக்க உதவுகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. குருத்தணுவை எடுத்து விறைப்பான தளத்தில் வைத்தால் அது முதிர ஆரம்பித்துவிடும். அதாவது குருத்தணுவின் குணம் செல்லுக்குள் மட்டும் இல்லை, பாதி அது குடியிருக்கும் இடத்தில் இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம். இந்த வேலிகள் விளிம்பின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும்தான் அதிகம். இமை மூடிப் பாதுகாக்கும் இடங்கள் அவை.

செல்கள் விளிம்பிலிருந்து நடுவுக்கு நகர்வதை மனிதக் கண்ணிலேயே பார்க்க முடியுமா?

முடியும், கொஞ்சம் அதிர்ஷ்டவசமாக. இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தரும் அமியோடரோன் என்ற மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கார்னியா மேல்தோலில் பழுப்பு நிறப் படிவுகள் சேரும். அவை கண்டபடி சிதறிக் கிடப்பதில்லை. விளிம்பிலிருந்து கிளம்பி, வளைந்து, நடுவுக்குச் சற்றுக் கீழே ஒரு சுழியில் போய்ச் சேரும். குழந்தையின் உச்சந்தலையில் முடி சுழித்திருக்குமே, அச்சு அசல் அப்படி. பார்வையை அது பெரும்பாலும் பாதிக்காது. மருந்தை நிறுத்தினால் மெல்ல மறைந்துவிடும். ஃபாப்ரி நோய் என்ற பரம்பரைக் கோளாறிலும் இதே சுழி வரும். செல்கள் நடக்கும் பாதையை மருந்தும் நோயும் நமக்காக மை தொட்டு வரைந்து காட்டுகின்றன.

நகம் கீறிவிட்டது. எப்படி ஆறும்? குருத்தணுக்கள் உடனே ஓடி வருமா?

உடனே வருவது அவை அல்ல. கைக்குழந்தையின் நகம் பட்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல்தோல் உரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் ஃப்ளோரசின் சாயத்தைத் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்க்கிறார். தோல் போன இடம் மட்டும் பளீரென்று பச்சையாக ஒளிரும். முதல் சில மணி நேரம் அந்தப் பச்சையின் அளவு குறையாது. எதுவும் நடக்காதது போல் இருக்கும். உண்மையில் காயத்தின் ஓரத்தில் உள்ள செல்கள் தரையோடு தங்களைப் பிணைத்திருந்த கொக்கிகளைக் கழற்றிக்கொண்டிருக்கும். கழற்றியதும் தட்டையாகி, கைகோத்தபடி ஒரே விரிப்பாகச் சறுக்க ஆரம்பிக்கும். வேகம் மணிக்கு 60 முதல் 80 மைக்ரான். சுற்றிலும் இருந்து சறுக்குவதால் ஒவ்வொரு பக்கமும் கடக்க வேண்டியது ஒன்றரை மில்லிமீட்டர்தான். கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு நாள். இதனால்தான் நேற்றுக் கண்ணைத் திறக்கவே முடியாமல் துடித்தவர் மறுநாளோ அதற்கடுத்த நாளோ சாதாரணமாக நடமாடுகிறார்.

இப்போது மூடியிருப்பது ஒற்றை வரிசை. பிறகுதான் செல்கள் பிரிந்து மறுபடி ஐந்தாறு வரிசை ஆகின்றன. செலவான கையிருப்பை நிரப்புவது விளிம்பின் வேலை. சின்னக் கீறலில் அந்த வேலை திரைக்குப் பின்னால் நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. கார்னியா முழுவதும் உரிந்துபோன காயத்தில்தான் விளிம்பு நேரடியாகக் களத்தில் இறங்குவதைப் பார்க்கலாம்.

நரம்புக்கும் இதில் பங்கு உண்டு. உடலிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கும் பரப்பு கார்னியா. அவை வலியை மட்டும் சொல்வதில்லை. மேல்தோலுக்குத் தேவையான வளர்ச்சிக் காரணிகளையும் தருகின்றன. ஹெர்பிஸ் தொற்றில் நரம்பு மரத்துப்போன கண்ணில் வலியே இருக்காது, புண்ணும் ஆறாது.

கீறல் ஆறி மாதக்கணக்கு ஆகிறது. சில நாள் விடிகாலையில் கண்ணைத் திறந்ததும் சுரீர் என்று வலிக்கிறதே?

மேலே சொன்ன கொக்கிகள்தான் காரணம். தோல் இரண்டு நாளில் மூடிவிடும், ஆனால் தரையோடு கொக்கி போட்டு இறுகுவதற்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். இரவில் கண்ணீர் குறைந்து இமையின் உட்புறம் கார்னியாவில் ஒட்டிக்கொள்கிறது. விழித்ததும் இமையைத் தூக்கினால் இறுகாத தோலும் கூடவே உரிகிறது. மருத்துவர் இரவில் களிம்பு போடச் சொல்வது இந்த ஒட்டுதலைத் தடுக்கத்தான். வலி போய்விட்டது என்று இரண்டாம் வாரமே நிறுத்தாதீர்கள்.

மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து கேட்டால் மருத்துவர் தர மறுக்கிறார். ஏன்?

பரிசோதனையின்போது ஒரு சொட்டு விட்டதும் சொர்க்கம் போல் இருந்திருக்கும். ஆனால் அது செல்களின் சறுக்கலை முடக்கும், நரம்பின் உதவியையும் துண்டிக்கும். வீட்டில் தொடர்ந்து விட்டுக்கொண்டால் ஆற வேண்டிய கீறல் கார்னியாவே கரையும் அளவுக்குப் போகலாம். அவர் மறுப்பது நியாயம்.

மேல்தோல் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது என்றால் சிலருக்கு ஏன் வெள்ளைத் தழும்பு விழுகிறது?

காயம் மேல்தோலைத் தாண்டிப் போனதால். அதன் அடியில் உள்ள போமன் படலம் ஒருமுறை கிழிந்தால் மறுபடி உருவாவதில்லை. அதற்கும் கீழே உள்ள நார்ப்பகுதி ஆறும், ஆனால் நார்கள் பழைய ஒழுங்கில் அடுக்கப்படாததால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரியும். விளிம்பின் குருத்தணுக்கள் பொறுப்பேற்பது மேல்தோலுக்கு மட்டுமே.

விளிம்புக் குருத்தணுக்கள் அழிந்துபோனால் என்ன ஆகும்?

விளிம்பு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, கார்னியாவுக்குச் செல் அனுப்புவது. மற்றது, வெண்சவ்வை எல்லை தாண்டவிடாமல் வைத்திருப்பது. விளிம்பு செத்தால் இரண்டும் போகும். மேல்தோல் மெலியும், திரும்பத் திரும்பப் புண்ணாகும். வெண்சவ்வு செல்கள் தங்கள் ரத்தக் குழாய்களையும் சளிச் செல்களையும் கூட்டிக்கொண்டு கார்னியாவின் மேல் ஏறிப் படரும். அவை கெட்ட செல்கள் அல்ல. தங்கள் இடத்தில் அருமையாக வேலை பார்ப்பவை. ஆனால் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் திரைச்சீலை தொங்கினால் எப்படிப் பார்ப்பது?

நோயாளிக்குத் தெரிவது: கண் கூசும், நீர் வடியும், மணல் விழுந்தது போல் உறுத்தும், சிவப்பு போகவே போகாது, பார்வை மங்கிக்கொண்டே வரும். மருத்துவருக்குத் தெரிவது: வோக்டின் வேலிகள் காணாமல் போயிருக்கும், சாயம் சுழி வடிவில் புள்ளி புள்ளியாகப் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு வடிதாளைக் கார்னியாவின் மேல் மெல்ல ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சளி சுரக்கும் செல் அந்தத் தாளில் ஒட்டியிருந்தால், வெண்சவ்வு எல்லை தாண்டிவிட்டது உறுதி.

என்னென்ன காரணத்தால் இப்படி ஆகிறது?

முதலிடம் ரசாயனக் காயத்துக்கு, அதிலும் காரத்துக்கு (மிளகாய்க் காரம் அல்ல; அமிலத்துக்கு எதிரான, சுண்ணாம்பு போன்ற அல்கலிப் பொருள்). அடுத்து ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய். சில மருந்துகளுக்கு உடல் காட்டும் கடுமையான எதிர்வினை இது, தோலும் வாயும் கண்ணும் சேர்ந்து உரிந்துபோகும். பிறவியிலேயே ஐரிஸ் இல்லாத குழந்தைகளுக்கு, பாக்ஸ்6 என்ற மரபணுக் குறையால், வளர வளர விளிம்பு வலுவிழக்கும். காண்டாக்ட் லென்ஸை ஆண்டுக்கணக்கில், கழற்றாமல் போட்டுக்கொள்வதும் ஒரு காரணம்; இதில் மட்டும் ஒரு நல்ல செய்தி, ஆரம்பத்திலேயே கண்டு லென்ஸை நிறுத்தினால் பலருக்கு விளிம்பு மீண்டுவிடும்.

சுண்ணாம்போ சுத்தம் செய்யும் திரவமோ கண்ணில் பட்டுவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

தண்ணீர். மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முன், யாரையும் அழைப்பதற்கு முன், தண்ணீர். குழாயோ குடமோ புட்டியோ, கைக்கு எட்டும் சுத்தமான நீரால் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு குறைந்தது அரை மணி நேரம் விடாமல் கழுவுங்கள். லென்ஸ் போட்டிருந்தால் கழுவிக்கொண்டே கழற்றுங்கள். காரத்துக்கு எதிராக எலுமிச்சைச் சாறு, வினிகர் விடுவது, எண்ணெய் விடுவது, தாய்ப்பால் விடுவது எதுவும் வேண்டாம்.

இவ்வளவு அவசரம் ஏன்? அமிலம் பட்டால் திசுவின் புரதம் உறைந்து ஓரளவு தடுப்பாகிவிடும். காரம் அப்படி நிற்காது. செல் சவ்வின் கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். சுண்ணாம்பு இன்னும் மோசம். துகள்கள் மேலிமையின் உட்புறம் ஒட்டிக்கொண்டு, கழுவி முடித்த பிறகும் காரத்தைக் கசியவிடும். அதனால் மருத்துவமனையில் இமையை மடித்துத் துகள்களைத் துடைத்தெடுப்பார்கள்.

ஒன்றை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். ‘கண் சிவக்கவே இல்லை, வெள்ளையாகத்தான் இருக்கிறது’ என்று நிம்மதி அடையாதீர்கள். கார்னியாவைச் சுற்றிப் பளிங்கு போல் வெளுத்திருப்பது அங்குள்ள ரத்தக் குழாய்கள் கருகிவிட்டன என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். சிவந்த கண்ணைவிட வெளுத்த கண்ணைப் பார்த்தால்தான் மருத்துவர் முகம் மாறும். விளிம்பைக் கடிகார முகப்பாகப் பாவித்து, எத்தனை மணி அளவுக்குப் பாதிப்பு என்று எண்ணிக் குறிப்பார்கள். மூன்று மணி அளவுக்குப் போனால் மீதமுள்ள ஒன்பது காப்பாற்றும். பன்னிரண்டும் போனால் கதை வேறு.

கண்தானத்தில் கிடைத்த கார்னியாவை வைத்துவிட்டால் போதாதா?

மிக நியாயமான கேள்வி. உலகில் வெற்றி பெற்ற முதல் முழுக் கார்னியா மாற்று அறுவை சிகிச்சையே சுண்ணாம்புக் காயத்துக்குத்தான் நடந்தது. 1905 டிசம்பரில், இன்று செக் நாட்டில் உள்ள ஒலமோட்ஸ் நகரில், எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர், சுண்ணாம்பு நீற்றும்போது இரண்டு கண்களையும் பறிகொடுத்த ஒரு கூலித் தொழிலாளிக்குச் செய்தார். இரண்டு கண்களில் ஒன்றில் கார்னியா தெளிவாக நிலைத்தது.

ஆனால் விளிம்பு முழுவதும் செத்த கண்ணில் இது பலிப்பதில்லை. வைக்கும் கார்னியா ஏழெட்டு மில்லிமீட்டர் வட்டம். கண்தானம் செய்தவரின் விளிம்பு அதில் இல்லை. அதன் மேல் வரும் மேல்தோல் சில மாதங்களில் தேய்ந்து உதிரும். நிரப்ப ஊற்று இல்லை. மறுபடி வெண்சவ்வு ஏறும், ரத்தக் குழாய் வரும், வைத்த கார்னியாவும் மங்கும். கிணறு வற்றிய தோட்டத்தில் புதுச் செடி நடுவது போல. முதலில் விளிம்பு, பிறகு தேவைப்பட்டால் கார்னியா என்பதே இப்போதைய வரிசை.

ஒரு கண் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் என்ன சிகிச்சை?

நல்ல கண்ணிலிருந்து விதை எடுத்துப் பாதித்த கண்ணில் விதைப்பது. எடுக்கும் அளவு காலப்போக்கில் குறைந்துகொண்டே வந்ததுதான் இந்தச் சிகிச்சையின் வரலாறு.

1989இல் கென்யன், செங் என்ற இருவர் நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து பெரிய துண்டுகளையே வெட்டி மாற்றி வைத்தார்கள். பலன் கிடைத்தது. ஆனால் நல்ல கண்ணிலிருந்து அவ்வளவு எடுப்பது நெஞ்சை உறுத்தும் காரியம். ஒரு கண்ணை மீட்கப்போய் இரண்டும் கெட்டால்?

1997இல் இத்தாலியில் கிராசியெல்லா பெல்லெக்ரினி, மிக்கேலே டெ லூக்கா குழு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துண்டை மட்டும் எடுத்து, ஆய்வகத்தில் செல் விரிப்பாக வளர்த்து, இரண்டு நோயாளிகளுக்குப் பொருத்தியது. 2010இல் 112 நோயாளிகளின் முடிவுகள் வெளியாயின, 76.6 சதவீதம் பேருக்கு நிலையான வெற்றி. அந்த ஆய்வின் சாரம் இன்னொரு எண்ணில் இருக்கிறது. வளர்த்த செல்களில் பி63 என்ற புரதம் பிரகாசமாகத் தெரியும் செல்கள், அதாவது அசல் குருத்தணுக்கள், 3 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வெற்றி 78 சதவீதம். 3 அல்லது அதற்குக் கீழ் என்றால் 11 சதவீதம். ஆயிரக்கணக்கில் செல் இருந்து பயனில்லை, அதில் விதை இருக்க வேண்டும். 2015இல் ஹோலோகிளார் என்ற பெயரில் இது ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அங்கே அனுமதி பெற்ற முதல் குருத்தணு மருந்து இதுதான்.

ஆய்வக வளர்ப்புக்குப் பெரும் செலவும் கட்டமைப்பும் தேவை. அதைத் தாண்டிய யோசனை ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் பிறந்தது. வீரேந்தர் சங்வான் குழு 2012இல் வெளியிட்ட முறை இப்படி: நல்ல கண்ணின் விளிம்பில் 2 மில்லிமீட்டர் சதுரத் துண்டு எடுப்பார்கள். பாதித்த கண்ணில் ஏறியிருக்கும் சவ்வை உரித்துவிட்டு, பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடப் படலத்தை விரித்து ஒட்டுவார்கள். எடுத்த துண்டை எட்டுப் பத்துத் துணுக்குகளாக நறுக்கி அதன் மேல் வட்டமாகத் தூவினாற்போல் வைத்து, ஃபைப்ரின் என்ற, ரத்தம் உறைய உதவும் புரதத்தால் ஆன பசையால் ஒட்டி, மேலே காண்டாக்ட் லென்ஸ் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். ஆய்வகம் செய்ய வேண்டிய வளர்ப்பைக் கண்ணே செய்துகொள்ளும். ஸ்லெட் என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். 2016இல் 125 கண்களின் முடிவு வந்தபோது வெற்றி 76 சதவீதம்; விலையுயர்ந்த முறைக்குச் சற்றும் குறைவில்லை. எளிமையான வழி இருக்கிறதா என்று கேட்கத் துணிந்ததுதான் இதில் பெரிய அறிவு என்று எனக்குத் தோன்றுகிறது.

எடுத்த இடம் நல்ல கண்ணில் மறுபடி ஆறுமா?

இவ்வளவு சின்னத் துண்டு என்றால் பக்கத்து விளிம்பு சமாளித்துக்கொள்ளும். ஆனால் எடுப்பதற்கு முன் அந்தக் கண் உண்மையிலேயே நல்ல கண்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். ரசாயனம் தெறித்தால் இரண்டு கண்ணிலும் தெறித்திருக்க வாய்ப்பு உண்டு.

இரண்டு கண்ணும் போயிருந்தால்?

கடினம், ஆனால் கதவு மூடப்படவில்லை. நெருங்கிய உறவினரிடமிருந்தோ கண்தானத்திலிருந்தோ விளிம்பைப் பெறலாம். அந்நியத் திசு என்பதால் உடல் நிராகரிக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை நெடுங்காலம் சாப்பிட வேண்டும். அதைத் தவிர்க்க 2004இல் ஜப்பானின் கோஜி நிஷிதா குழு நான்கு நோயாளிகளுக்கு அவர்களின் கன்னத்தின் உட்புறத் தோலையே வளர்த்துக் கண்ணில் வைத்தது. வளர்த்த பாத்திரத்தின் அடியில் ஒரு விசேஷப் பூச்சு: உடல் சூட்டில் செல்கள் அதில் ஒட்டி வளரும், குளிரவைத்தால் பூச்சு நீரை உறிஞ்சி விரிப்பை முழுசாகக் கழற்றிவிடும். சுரண்ட வேண்டாம், கிழியாது. வாயின் தோல் அசல் கார்னியா ஆகிவிடாது, ஓரத்தில் ரத்தக் குழாய் கொஞ்சம் வரும். ஆனாலும் மூடிக் கிடந்த கண்ணுக்கு அது பெரிய மாற்றம்.

2019இல் ஒசாகாவில் இதே நிஷிதா குழு அடுத்த படிக்குப் போனது. ஐ.பி.எஸ். செல், அதாவது முதிர்ந்த செல்லை மரபணு வழியாகப் பின்னோக்கித் திருப்பிக் குருத்தணு நிலைக்குக் கொண்டுவந்த செல். அதிலிருந்து கார்னியா மேல்தோலை வளர்த்து நான்கு பேருக்கு வைத்தார்கள். 2024இல் வெளியான முடிவின்படி நால்வருக்கும் பார்வை கூடியது. ஒருவருக்கு மட்டும் அந்தப் பலன் நிலைக்கவில்லை. நான்கு பேர் என்பது நம்பிக்கைக்குப் போதும், வழக்கமான சிகிச்சை ஆக்குவதற்குப் போதாது.

மேற்பரப்பு முற்றிலும் வறண்டுபோன கண்களுக்குக் குருத்தணு எதுவும் பிழைக்காது. அங்கே செயற்கைக் கார்னியாதான் வழி.

மூக்கு ஓரத்திலிருந்து கருவிழி மேல் சதை வளர்கிறதே, அதுவும் இதுதானா?

நெருங்கிய உறவு. பக்கவாட்டிலிருந்து வரும் வெயிலைக் கார்னியா ஒரு லென்ஸ் போல வளைத்து மூக்குப் பக்க விளிம்பில் குவிக்கிறது. ஆண்டுக்கணக்கில் வெயிலில் நிற்பவர்களுக்கு அந்த இடத்து விளிம்பு பழுதாகி, வெண்சவ்வு ஆப்பு வடிவில் உள்ளே நுழைகிறது. ஆனால் மற்ற பதினோரு மணி விளிம்பும் நன்றாகவே இருக்கும். வெட்டினால் மட்டும் போதாது, மீண்டும் வளரும். அதே கண்ணின் மேற்புற வெண்சவ்வில் ஒரு துண்டு எடுத்து அந்த இடத்தில் ஒட்டினால் திரும்ப வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

கார்னியாவின் நடுவில் குருத்தணு இல்லவே இல்லையா?

2008இல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வு, நடுப்பகுதியிலும் குருத்தணு போன்ற செல்கள் உண்டு என்றது. அன்று தொடங்கிய வாக்குவாதம் பெரிது. விளிம்பு முழுவதும் அழிந்ததாகத் தெரிந்த சில மனிதக் கண்களில் நடுவில் மட்டும் தெளிவான தீவு ஒன்று வருடக்கணக்கில் நிலைத்திருப்பதும் உண்மை. பின்னர் பல நிறச் செல்களைப் பின்தொடர்ந்த எலி ஆய்வுகள் மறுபடி விளிம்பின் பக்கமே சாய்ந்தன. நடுவில் உள்ளவை நெடுநாள் தாக்குப்பிடிக்கும் இடைத்தலைமுறைச் செல்கள் என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது.

‘ஸ்டெம் செல் சொட்டு மருந்து’, ‘ஸ்டெம் செல் ஊசி’ என்று விளம்பரம் வருகிறது. போடலாமா?

வேண்டாம். இமைத்தால் வழிந்துபோகும் ஒரு சொட்டிலிருந்து குருத்தணு இறங்கி, விளிம்பைத் தேடிப் போய்க் குடியேறாது. மேலே படித்த எல்லாச் சிகிச்சையிலும் கெட்ட சவ்வை உரித்து, தளம் அமைத்து, பசை போட்டு ஒட்ட வேண்டியிருந்ததைக் கவனித்திருப்பீர்கள். ஊசி இன்னும் ஆபத்து. கண்ணின் மேற்பரப்புக்கு அல்ல, விழித்திரை நோய்க்காக அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் செலுத்திக்கொண்ட மூன்று பெண்களுக்குப் பார்வையே பறிபோனது 2017இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. பணமும் கட்டியிருந்தார்கள்.

யாராவது ஸ்டெம் செல் என்றால் கேளுங்கள்: யாருடைய செல், உடலின் எந்த இடத்திலிருந்து எடுத்தது, கண்ணில் எங்கே வைப்பீர்கள், இரண்டு கண்ணுக்கும் ஒரே நாளில் செய்வீர்களா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் ரத்தத்தையே எடுத்துத் தெளிவான நீரைப் பிரித்துச் சொட்டு மருந்தாகத் தருகிறார்களே, அது வேறு. ஆறாத புண்ணுக்கும் கடுமையான கண் வறட்சிக்கும் மருத்துவர்கள் தரும் முறையான சிகிச்சை அது. அதில் வளர்ச்சிக் காரணிகள் உண்டு, செல் எதுவும் கிடையாது. பாதுகாப்புப் பொருள் சேர்க்காததால் குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.